செலாமுக்கு மேக்கப் தேவையில்லை

1

ஊரிலிருந்து யார் ரெலிபோன் எடுத்தாலும் முதலில் குளிரைப் பற்றிக் கேட்பார்கள். பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கி, "அந்தப் பிள்ளை எப்பிடி?" என்பார்கள். "உங்கட பிள்ளை எப்பிடி?" என்று கேட்பவர்கள் குறைவு. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. கண்ணால் காணாத பிள்ளையை வேறு எப்படிக் கேட்பது? ஆனால் கனடாவிலிருந்து வந்து ஒரு கிழமை எங்களோடு தங்கி, அவளோடு கரம் விளையாடித் தோற்றுப் போன என் மச்சானும் அப்படித்தான் கேட்கிறான்.

அதனால்தான் எழுதுகிறேன். ரெலிபோனில் சொன்னால் பாதியில் கார்டில் காசு முடிந்துவிடுகிறது. மிச்சத்தைக் கேட்டவர் தானாகவே நிரப்பிக்கொள்கிறார்.

செலாம் எங்கள் மகள். எத்தியோப்பியப் பெண் ஒருத்திக்கு இங்கே சுவிஸில், பேர்ண் நகரில் பிறந்தவள். கைக்குழந்தையாக எங்களிடம் வந்தாள். இந்த ஐப்பசியோடு எட்டு வருடம் ஆகிறது. பிறந்தநாளுக்கு ஒரு கேக், வீட்டுக்கு வந்த நாளுக்கு ஒரு கேக் வெட்டுவோம். வகுப்பில் மற்றவர்களுக்கு ஒரு கேக்தான் என்பதில் அவளுக்குப் பெரிய பெருமை.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பெயர் தேவராசா. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டேன். லொறியில் கிளீனராகப் போனேன், கொழும்பில் ஹோட்டலில் நின்றேன். பிறகு கலவரம் வந்தது. கிழக்கு பெர்லினில் இறங்கி மேற்கே கடந்து, பிரான்ஸில் கொஞ்சக் காலம் ஒளித்திருந்து, கடைசியில் சுவிஸுக்கு வந்து சேர்ந்தேன். சூக்கில் ரெஸ்ரோரண்ட் ஒன்றில் கோப்பை கழுவினேன். லோசானில் அலுவலகங்கள் துப்புரவாக்கினேன். ஒரு ஊரில் கொஞ்சக் காலம் நின்றால் எனக்குக் கால் அரிக்கத் தொடங்கிவிடும். கலியாணம் முடித்த பிறகும் அந்த அரிப்பு நிற்கவில்லை. மனைவி யோகா பெட்டிகளைக் கட்டிக் கட்டிக் களைத்துப் போனாள். பேர்ணில் ஆஸ்பத்திரிச் சமையலறையில் எனக்கு வேலை கிடைத்தபோது, "இனி நான் எழும்பமாட்டன். வேணுமெண்டா நீங்கள் போங்கோ" என்றாள். எழும்பாமல் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

2

எங்களுக்குப் பிள்ளை இல்லை. வைத்தியமெல்லாம் செய்து பார்த்து விட்டுவிட்டோம். தத்தெடுக்கலாம் என்று யோகாதான் முதலில் சொன்னாள். ஊரில் தத்து என்றால் தமக்கையின் பிள்ளை, தம்பியின் பிள்ளை. சொந்தத்துக்குள் கைமாறும், அவ்வளவுதான். இங்கே அதற்கு ஒரு அலுவலகம் இருக்கிறது. முதலில் வளர்ப்புப் பெற்றோராக இருக்க வேண்டும். அவர்கள் வந்து வந்து பார்ப்பார்கள். திருப்தி என்றால் பிறகுதான் பிள்ளை சட்டப்படி எங்களுடையது.

அந்த அலுவலகத்திலிருந்து வந்தவர் திருமதி வெங்கர். நரைத்த தலையைக் கட்டையாக வெட்டியிருப்பார். சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். வந்து எங்கள் கழிவறையைப் பார்த்தார், குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தார், யன்னலுக்குப் பூட்டு இருக்கிறதா என்று பார்த்தார். எனக்கு அகதி விசாரணை நினைவுக்கு வந்தது. ஆனால் விசாரணையில் என்னைக் கேட்டவர்கள் நான் சொன்னதை நம்பாமல் இருப்பதற்குக் காரணம் தேடினார்கள். இவர் நம்புவதற்குக் காரணம் தேடினார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை முகத்தில் கண்டுகொள்ளலாம்.

கடைசியில் மேசையில் இருந்து கேட்டார். "தமிழ்ப் பிள்ளை கிடைக்க நெடுங்காலம் ஆகலாம். ஆபிரிக்கத் தாய் ஒருத்தியின் குழந்தை இருக்கிறது. அந்தத் தாயால் வளர்க்க முடியாது. பெயரை மட்டும் மாற்றக் கூடாது என்று கேட்டிருக்கிறாள். உங்கள் சமூகத்தில் இது பிரச்சினையாகுமா?"

"பிரச்சினை இல்லை" என்றேன். ஜெர்மன் மொழியில் எனக்கு நன்றாகத் தெரிந்த சொற்கள் அவைதான். கோப்பை கழுவுகிறவனுக்கு அந்த இரண்டு சொல்லும் போதும்.

யோகா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தன் உடைந்த ஜெர்மனில் மெதுவாகச் சொன்னாள்: "பிரச்சினை வரும். நிச்சயம் வரும். அதை நாங்கள் பார்த்துக்கொள்வோம்."

திருமதி வெங்கர் அவளுடைய பதிலைத்தான் எழுதிக்கொண்டார்.

3

பிரச்சினை வந்தது. வெளியிலிருந்து அல்ல, எங்களாலேயே.

எங்கள் ஆட்கள் பிள்ளைக்கு முதல் முடியை வழித்துவிடுவது வழக்கம். வழித்தால்தான் அடுத்த முடி அடர்த்தியாக வரும் என்பார்கள். செலாமின் தலையில் முடி சுருள் சுருளாக இருந்தது. யோகா அதற்குத் தேங்காய் எண்ணெய் வைத்துப் பார்த்தாள். நெருக்குப்பல் சீப்பால் இழுத்துப் பார்த்தாள். பிள்ளை வீரிட்டுக் கத்தியது. அப்போது லோசானில் இருக்கும் அவளுடைய தமக்கை ரெலிபோனில் வைத்தியம் சொன்னா: "மொட்டை அடிச்சு விடடி. அடுத்த முடி நேரா வரும்."

நல்ல நாள் பார்த்தோம். கோயிலுக்குப் போய் வந்தோம். நானே வழித்தேன். தலையில் சந்தனமும் பூசினோம். பிள்ளை கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தது. அடுத்த நாள் திருமதி வெங்கர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து மணி அடித்தார்.

கதவைத் திறந்த யோகாவின் இடுப்பில் மொட்டைத் தலையும் மஞ்சள் பூச்சுமாகப் பிள்ளை. அவர் சப்பாத்தைக் கழற்ற மறந்துவிட்டார்.

"குழந்தைக்கு என்ன நோய்? என்ன செய்தீர்கள்?"

நான் ஓடிப்போய் அல்பத்தை எடுத்து வந்தேன். யோகா மொட்டை, தமக்கை மொட்டை, தமையன் மொட்டை, சித்தப்பாவின் பிள்ளைகள் வரிசையாக மொட்டை. அவர் ஒவ்வொரு படமாகப் பார்த்தார். சிரிக்கவில்லை. பிள்ளை இன்னும் சட்டப்படி எங்களுடையது ஆகவில்லை. ஒரு வார்த்தையில் திருப்பிக் கொண்டுபோகலாம்.

"இது உங்களுக்கு நல்ல சடங்கு. எனக்கு விளங்குகிறது" என்றார் கடைசியில். "ஆனால் இந்த முடி நேராக வராது. வரத் தேவையும் இல்லை. இந்த முடியைப் பற்றித் தெரிந்தவர் ஒருவரை நீங்கள் தேட வேண்டும். அடுத்த முறை நான் வரும்போது அவர் பெயரைச் சொல்லுங்கள்."

அதற்குப் பிறகுதான் சப்பாத்தைக் கழற்றினார். தேத்தண்ணி குடித்தார்.

இந்த நாட்டில் நான் கண்ட அதிகாரிகளில் பலர் விதியைக் காட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள். அதே விதியைக் கையில் வைத்துக்கொண்டு அல்பம் பார்க்க நேரம் எடுத்த ஒருவரை அன்றுதான் கண்டேன். அவர் நினைத்திருந்தால் எங்கள் கதை அந்த வாசலிலேயே முடிந்திருக்கும்.

அப்படித்தான் அல்மாஸைத் தேடிப் பிடித்தோம். ரயில் நிலையத்துக்குப் பின்னால் சின்னத் தலைமுடிக் கடை வைத்திருக்கும் எத்தியோப்பியப் பெண். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. செலாமின் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு யோகாவிடம் கேட்டாள்: "யார் இந்தக் கோழியை உரித்தது?" முடி வளர வளர, ஈரத்தில் எப்படிப் பிரிப்பது, எதைப் பூசுவது, எப்படிப் பின்னுவது என்று பழக்கினாள். யோகாவின் விரல்கள் இப்போது அல்மாஸின் விரல்கள் மாதிரியே ஓடும். முடி தன் பாட்டில் சுருண்டுதான் வளர்ந்தது. லோசான் தமக்கை மட்டும், "சந்தனம் காணாது போல" என்று இன்றைக்கும் சொல்கிறா.

4

நான் வந்த காலத்தில் தோல் ஜாக்கெட் போட்ட தமிழன் என்றாலே போதைத் தூள் விற்கிறவன் என்று இங்கே பேர். ட்ராமில் எனக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். அதில் ஒரு வசதியும் இருந்தது, வேலை முடிந்து களைத்து வரும்போது காலை நீட்டிக்கொள்ளலாம். அறை வாடகைக்குக் கேட்டுப் போனால் ரெலிபோனில் இருந்த அறை நேரில் போனதும் இல்லாமல் போய்விடும். அதற்காக நான் அழவில்லை. எங்கள் ஊர்ச் சந்தியில் இருந்த தேத்தண்ணிக் கடையை நினைத்துக்கொள்வேன். அங்கே சாதி பார்த்துச் சிலருக்குக் கிளாஸ், சிலருக்குப் போத்தல். போத்தலில் வாங்கிக் குடித்தவர்கள் வெளியில் நின்று குடித்தார்கள். அவர்களுக்குப் பக்கத்து இருக்கை மட்டுமல்ல, இருக்கையே இல்லை. வெள்ளைக்காரனின் முன்னேற்றத்தை அளக்கும்போது நாங்கள் அந்தக் கடையையும் ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும்.

செலாம் வந்த புதிதில் சொந்தக்காரர்கள் கேட்ட கேள்வியும் அங்கிருந்து வந்ததுதான். "ஆரின்ர பிள்ளை? என்ன ஆக்கள்?" எத்தியோப்பியாவில் போய் அதை யார் விசாரிப்பது? கேட்டவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அதில் எங்களுக்கு ஒரு நிம்மதி. ஆனால் எங்கள் ஆட்களிடம் கறுப்பினத்தவருக்கு ஒரு சொல் இருக்கிறது. உங்களுக்குத் தெரியும், நான் எழுதவில்லை. முதல் வருடம் கோயிலில் அந்தச் சொல் முதுகுக்குப் பின்னால் கேட்டது. பிறகு மெல்ல மெல்லக் கேட்காமல் போனது. அதன் இடத்துக்கு ஒரு மரியாதை வந்தது. "வாங்கோ செலாம், இருங்கோ செலாம், வடை எடுங்கோ செலாம்" என்று விருந்தாளியின் பிள்ளையைப் போல. முன்னேற்றம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

இங்கே மார்கழியில் சமிக்ளவுஸ் என்ற தாடிக்காரர் பாலர் பள்ளிக்கு வருவார். கடலையும் தோடம்பழமும் கொடுப்பார். கூடவே ஷ்முட்ஸ்லி என்று ஒரு எடுபிடி. முகமெல்லாம் கரி, கையில் விளக்குமாறு. குழப்படிப் பிள்ளைகளைச் சாக்கில் போட்டுக் காட்டுக்குக் கொண்டுபோவான் என்று வெருட்டுவார்கள். செலாமின் முதல் வருடத்தில் ஷ்முட்ஸ்லி உள்ளே வந்ததும் ஒரு பெடியன் எழும்பி, "செலாம், உன் அப்பா வந்திருக்கிறார்!" என்று கத்தினானாம். செலாம் நிதானமாகப் பார்த்துவிட்டு, "என் அப்பா இவ்வளவு உயரமில்லை" என்றாளாம்.

நாங்கள் இதை அவளிடம் கேள்விப்படவில்லை. அன்று பின்னேரமே அவளுடைய ஆசிரியை ரெலிபோன் எடுத்துச் சொன்னார். நடந்ததைச் சொன்னார், தனக்கு வெட்கமாக இருக்கிறது என்றார், அடுத்த வருடம் வேறு மாதிரிச் செய்வோம் என்றார். நான் "பிரச்சினை இல்லை" என்றேன். அவர், "இல்லை, இருக்கிறது" என்றார்.

அடுத்த வருடம் ஷ்முட்ஸ்லி முகம் கழுவிக்கொண்டு வந்தார். கரி இல்லாததால் அவர் பள்ளிக்கூடக் காவலாளி என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்துபோயிற்று. ஒருவரும் பயப்படவில்லை, ஒருவரும் அழவில்லை. விளக்குமாற்றைப் பறித்து விளையாடினார்கள். கூட்டம் போடவில்லை, நோட்டீஸ் அடிக்கவில்லை. ஒரு முகம் கழுவப்பட்டது, அவ்வளவுதான். இந்தச் சனத்தை நான் மெச்சுவது இப்படியான விஷயங்களுக்காகத்தான்.

5

இனி இந்த வருடத்துக் கதை.

செலாம் தமிழ்ப் பள்ளிக்கூடம் போகிறாள், புதன்கிழமை நடனமும் பழகுகிறாள். ஜெயந்தி ரீச்சர் பழக்குகிறா. கெட்டிக்காரி. பகலில் கடையில் நின்று வேலை செய்துவிட்டு வந்து, சம்பளம் என்று ஒன்றும் எதிர்பாராமல் பிள்ளைகளைப் பழக்குகிறவ. நவராத்திரி வாணி விழாவுக்கு மகிடாசுர வதம் போடுவதென்று முடிவு. யார் யாருக்கு என்ன வேஷம் என்று அன்று சொல்வதாக இருந்தது. தாய்மார் சுவரோரம் இருந்தார்கள். யோகாவுக்கு வேலை, நான் கூட்டிக்கொண்டு போயிருந்தேன்.

"அபிரா அம்மன். மற்றப் பிள்ளையள் அசுரன்ர படை. அசுரன் செலாம்."

"படைக்கு மேக்கப் என்ன ரீச்சர்?" என்று ஒரு தாய் கேட்டா.

"எல்லாருக்கும் முகத்துக்குக் கறுப்பு அடிக்கோணும்" என்றா ரீச்சர், கொப்பியைப் பார்த்தபடி. "செலாமுக்கு மேக்கப் தேவையில்லை. அந்தளவுக்கு வேலை மிச்சம்."

சுவரோரம் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை, பகிடிக்குச் சிரிக்கிற சிரிப்பு. எனக்கு அது விளங்க ஒரு கணம் பிடித்தது. செலாமுக்கு அந்தக் கணம் தேவைப்படவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன்.

வீட்டில் நாங்கள் தமிழ்தான் கதைப்போம். யாரும் சட்டம் போடவில்லை, அது பழக்கம். அன்று யோகா, "சாப்பிடுறியோ குஞ்சு?" என்று கேட்க, செலாம் பேர்ண் ஜெர்மனில், "இ ஹா கே ஹுங்கர்" என்றாள். பசியில்லையாம். அடுத்த நாளும் அதே மொழிதான். அதற்கடுத்த நாளும். எங்களோடு கோபம் இல்லை. வந்து மடியில் இருப்பாள், பள்ளிக்கூடக் கதை சொல்வாள், ஆனால் தமிழ் ஒரு சொல்லும் வாயில் வராது. யோகாவின் ஜெர்மன் அவ்வளவுக்குப் போதாது. பாதிக் கதையில் என்னைப் பார்ப்பாள், நான் மொழிபெயர்ப்பேன். ஆஸ்பத்திரியில் தமிழ் நோயாளிகளுக்காகக் கூப்பிட்டால் மொழிபெயர்த்திருக்கிறேன். சொந்தப் பிள்ளைக்கும் தாய்க்கும் நடுவில் மொழிபெயர்ப்பேன் என்று நினைத்ததில்லை.

ஒரு நாள் ட்ராமில் என்னிடம் கேட்டாள், அதுவும் ஜெர்மனில்தான்.

"அப்பா, நான் உங்கட ஆக்களோ?"

"நீ எங்கட பிள்ளை."

"அதை நான் கேக்கேல்லை."

அவள் தொடர்ந்து சொன்னாள். அல்மாஸின் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் தங்கள் தேவாலயத்தில் தங்கள் மொழி படிக்கிறார்களாம். தானும் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் பதிலாக அங்கே போகலாமா? அங்கே எல்லாரும் தன் மாதிரி.

இதைக் கேட்ட யோகா முதலில் இரண்டு வெங்காயத்தை உரித்து முடித்தாள். பிறகு சொன்னாள்: "படிக்கட்டும். அது அவளின்ர தாயின்ர பாஷை, நாங்கள் மறிக்க ஏலாது. ஆனா எங்கட சனம் வேண்டாமெண்டு அங்க போகக்கூடாது. அதுவும் வேணும், இதுவும் வேணும் எண்டு போகோணும்."

அடுத்த புதன் அவள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு நடன வகுப்புக்குப் போனாள். நானும் போனேன், சண்டை பெருத்தால் விலக்க.

"ரீச்சர், ஒரு கதை."

"சொல்லுங்கோ யோகாக்கா."

"என்ர பிள்ளைக்கு ஏன் மேக்கப் தேவையில்லை?"

ரீச்சரின் முகம் மாறியது. "ஐயோ அக்கா, நான் அப்பிடி நினைச்சுச் சொல்லேல்லை."

"நினைச்சுச் சொல்லியிருந்தா ரெண்டு பேச்சுப் பேசிப்போட்டுப் போயிருப்பன். நினையாமல் வந்ததுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

"அவள் பாய்ஞ்சு ஆடுவாள். இந்த வகுப்பில உந்த அசுரனை ஆட வேற ஆக்களில்லை. அதாலதான் குடுத்தனான். சத்தியமா."

"ஆட்டம் சரி. நிறத்தை ஏன் இழுத்தனீங்கள்?"

சுவரோரம் ஒரு தாய் சமாதானத்துக்கு வந்தா. "விடுங்கோ யோகாக்கா. கண்ணனும் கறுப்புத்தானே."

"ஓம், கண்ணன் கறுப்பெண்டு பாடிப்போட்டு எல்லாப் பிள்ளைக்கும் நீலம் பூசுறியள். கறுப்பை அசுரனுக்கு வச்சிருக்கிறியள்" என்றாள் யோகா. "இஞ்ச பள்ளிக்கூடத்தில ஒரு வெள்ளைக்காரப் பெண், ஒரு பிள்ளைக்காக ஒரு பெரிய மனிசன்ர முகத்தைக் கழுவ வச்சவ. அவவுக்கு இருந்த புத்தி எங்களுக்கு இல்லையோ?"

ரீச்சர் சலங்கையைக் கையில் வைத்து உருட்டினா. நல்ல மனிசி. அவவின் கண் கலங்கிவிட்டது. "செலாமை அம்மனாப் போடுறன் அக்கா. அபிராவிட்ட நான் கதைக்கிறன்" என்றா.

யோகா மூலையில் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்த செலாமைப் பார்த்து, "நீ சொல்லு" என்றாள்.

செலாம் ஜெர்மனில் சொன்னாள், வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் விளங்கும்படி: அம்மன் முழு நேரமும் முக்காலியில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அது தனக்கு வேண்டாம். பாய்கிற வேஷம்தான் வேண்டும். ஆனால் மற்றவர்களுக்குப் போடுகிற மாதிரித் தனக்கும் மேக்கப் போட வேண்டும். முழுதாக. ரீச்சரின் கையால்.

"என்ன நிறம்?" என்றா ரீச்சர்.

"பச்சை" என்றான் அசுரப் படையில் ஒருவன். மற்றவர்களும் "பச்சை, பச்சை" என்று கத்தத் தொடங்கினார்கள். கறுப்பு அடிக்கிற கதை அத்தோடு முடிந்தது.

நான் விலக்க வேண்டிய சண்டை எதுவும் வரவில்லை. ஆனால் அன்றும் வீட்டுக்கு வரும் வழியில் அவள் ஜெர்மன்தான் கதைத்தாள். யோகா என் காதில், "வேஷம் சரி. பிள்ளை இன்னும் திரும்பி வரேல்லை" என்றாள்.

6

வாணி விழாவுக்கு எங்கள் ஆட்கள் தேவாலயத்து மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுப்பார்கள். வாசலில் கும்பம், உள்ளே சுவரில் சிலுவை. இரண்டும் ஒன்றை ஒன்று தொந்தரவு செய்வதில்லை. அல்மாஸும் பிள்ளைகளோடு வந்திருந்தாள், வெள்ளைச் சால்வை போர்த்துக்கொண்டு. முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழும்பி அவளுக்கு இடம் கொடுத்தார். பல வருடங்களுக்கு முன்னால் அவர் வாயால் நான் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறேன். அதையும் நான் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும்.

திரை விலகியது. பச்சை முகத்தோடு, கொம்பு கட்டிக்கொண்டு செலாம் பாய்ந்து வந்தாள். ரீச்சர் சொன்னது பொய்யில்லை. மேடை அதிர்ந்தது. தாளம் அவள் காலுக்குப் பின்னால் ஓட வேண்டியிருந்தது. கதைத்துக்கொண்டிருந்தவர்கள் கதையை விட்டார்கள். படை விழுந்தது, சிங்கம் வந்தது, முக்காலியிலிருந்து அபிரா இறங்கிச் சூலத்தை நீட்டினாள். பாட்டின்படி அசுரன் இந்த இடத்தில் விழுந்து சாக வேண்டும்.

அசுரன் சாகவில்லை. ஒரு சுற்றுச் சுற்றி ஆடிக்கொண்டே நின்றது.

பாடுகிறவர் அதே அடியைத் திரும்பப் பாடினார். அபிரா திரும்பக் குத்தினாள். அசுரன் இன்னொரு சுற்று ஆடியது. மண்டபத்தில் சிரிப்புத் தொடங்கியது. மூன்றாம் தரம் அபிராவுக்கு அழுகை வந்துவிட்டது. சூலத்தால் தள்ளிக்கொண்டு, "விழடி!" என்றாள். மைக்கில் அது நன்றாகக் கேட்டது.

"ஏலாது!" என்றாள் செலாம். "நான் இன்னும் ஆடி முடியேல்லை!"

நான் யோகாவின் கையைப் பிடித்தேன். இத்தனை நாளுக்குப் பிறகு பிள்ளையின் வாயில் வந்த முதல் தமிழ். யாழ்ப்பாணத்துச் சந்தையில் விலை பேசுகிறவள் மாதிரி அவ்வளவு சத்தமாக வந்தது.

மண்டபம் வெடித்துச் சிரித்தது. "அச்சொட்டாய் எங்கட பெட்டைதான், வாயைப் பார்" என்று பின்னால் யாரோ சொல்வது கேட்டது. அல்மாஸுக்கு வார்த்தை விளங்கவில்லை, ஆனால் பிள்ளை வெல்கிறாள் என்று விளங்கியது. எழும்பி நின்று, நாக்கைச் சுழற்றிக் கூவினாள். அவர்கள் கலியாணங்களில் எழுப்புகிற ஒலி. மண்டபம் ஒரு கணம் திகைத்தது. பின்வரிசையில் மட்டக்களப்புப் பெண் ஒருத்தி, "ஆ, குரவை!" என்று சொல்லிவிட்டுத் தானும் குரவையிட்டாள். இரண்டும் சேர்ந்து ஒலித்தபோது எது எந்த நாட்டுக் குரல் என்று என்னால் பிரிக்க முடியவில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவில் அசுரன் தன் விருப்பப்படி ஆடி முடித்து, அபிராவுக்குக் கண்ணைக் காட்டி, பெரிய சத்தத்தோடு விழுந்தது.

நாங்கள் மேடைக்குப் பின்னால் ஓடினோம். எங்களுக்கு முன்னால் ரீச்சர் போய்விட்டா. செலாமின் காதைப் பிடித்துக்கொண்டு நின்றா.

"எருமை! சூலம் பட்டா விழோணுமெண்டு எத்தினை தரம் சொன்னனான்? அந்தப் பிள்ளையை அழ வச்சிட்டாய்! என்ன கொழுப்படி உனக்கு? கொம்மா குடுக்கிற செல்லம்!"

"அபிரா வடிவாக் குத்தேல்லை ரீச்சர்" என்றாள் செலாம். காதைப் பிடிகொடுத்தபடியே, தமிழில். "எனக்கு நோகேல்லை. நொந்தாத்தானே விழலாம்?"

"வாய் காட்டாத! போய் அவளிட்ட மன்னிப்புக் கேள். பிறகு வந்து முகத்தைக் கழுவு."

நான் யோகாவைத் தடுக்கக் கையை நீட்டினேன். பிள்ளையின் மேல் ஒருவர் கை பட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் ஒரு அடி வைத்தாள், நின்றுவிட்டாள்.

"எட்டு வருசத்தில எங்கட சனத்தில ஒருத்தரும் இவளைத் தங்கட பிள்ளை மாதிரி ஏசினதில்லை" என்றாள்.

பிறகு ஓரமாகக் கிடந்த கதிரையை இழுத்துப் போட்டு, அதில் இருந்துகொண்டாள். "ஏசட்டும், விடுங்கோ."